ஒரே படம், இரண்டு எடிட்டர்கள்: ப்ராஜெக்ட்டை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து ஒன்றரை மணி நேர ஆவணப்படம் ஒன்றை ப்ரீமியர் ப்ரோவில் எடிட் செய்கிறோம். வேறு வேறு ஊர்களில் இருக்கிறோம். என்னிடம் விண்டோஸ், அவரிடம் மேக். 4கே ஃபுட்டேஜ் ஏறக்குறைய 6 டெராபைட். பெரும்பாலும் வினாடிக்கு 100 மெகாபிட், 25 ஃப்ரேம். ஃபுட்டேஜின் நகல் இருவரிடமும் இருக்கிறது. ப்ராஜெக்ட் ஃபைலை ஒரு கிளவுட் ஃபோல்டரில் வைத்து இருவரும் திறந்து வேலை பார்த்தோம். போன வாரம் அவர் போட்ட இருபது நிமிடக் கட் காணாமல் போய்விட்டது. என் பக்கம் அடிக்கடி ‘மீடியா ஆஃப்லைன்’ வருகிறது. லிங்க் கொடுத்தால் சில இடங்களில் வேறு ஒருவருடைய பேட்டி வந்து உட்காருகிறது. டாவின்சி ரிசால்வுக்கு மாறினால் தீருமா? நெட்வொர்க் ஸ்டோரேஜ் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் காணாமல் போன கட்டைத் தேடுங்கள். அது அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த கிளவுட் ஃபோல்டரிலேயே ப்ராஜெக்ட் பெயரோடு ‘கான்ஃப்ளிக்டட் காப்பி’ என்றோ, பின்னால் ஓர் எண் ஒட்டியோ இன்னொரு ஃபைல் கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, கிளவுட் சேவையின் இணையதளத்துக்குள் போய் அந்த ஃபைலின் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, அவர் கடைசியாக சேவ் செய்த நேரத்துக்கு உரியதை இறக்குங்கள். பழைய வெர்ஷன்களை இந்தச் சேவைகள் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருக்கும் என்பதால் இதை இன்றே செய்துவிடுங்கள். மூன்று, அவருடைய கணினியில் உள்ள ஆட்டோ-சேவ் ஃபோல்டர். கிடைத்த ஃபைலை இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட்டின் மேல் வைத்துவிடாதீர்கள். அதற்கு வேறு பெயர் கொடுத்துத் தனியே வையுங்கள். பிறகு மீடியா பிரவுசர் வழியாக அந்த ஃபைலுக்குள் நுழைந்து, வேண்டிய சீக்வென்ஸை (வெட்டி அடுக்கிய டைம்லைனை) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் நடந்தது என்று தெரிந்துகொண்டால் தீர்வும் புரிந்துவிடும். ப்ரீமியர் ஒரு ப்ராஜெக்ட்டைத் திறக்கும்போது முழு ஃபைலையும் நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்கிறது. சேவ் செய்யும்போது முழு ஃபைலையும் புதிதாக எழுதுகிறது. மாறிய வரியை மட்டும் எழுதும் வழக்கம் அதற்கு இல்லை. காலை பத்து மணிக்கு இருவரும் திறக்கிறீர்கள். அவர் பதினொன்றுக்கு சேவ் செய்கிறார், நீங்கள் பன்னிரண்டுக்கு. உங்கள் நினைவகத்தில் இருப்பது பத்து மணி ப்ராஜெக்ட்டும் உங்கள் மாற்றங்களும் மட்டுமே. அதுதான் அவருடைய வேலையின் மேல் எழுதப்படுகிறது. கிளவுட் சேவைக்கு இது வீடியோ எடிட் என்றெல்லாம் தெரியாது. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்தால் ஒன்றை ஒதுக்கி வைக்கும், அல்லது பிந்தி வந்ததை ஏற்றுக்கொள்ளும். ஒரே உறையில் இரண்டு கத்தியைச் செருகிய நிலைதான் இது.

ஆகவே, ஒரு ப்ராஜெக்ட் ஃபைலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொட வேண்டும். இருவரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் ப்ராஜெக்ட்டை உடைத்துப் பல சிறு ஃபைல்களாக்க வேண்டும். ஃபுட்டேஜ் இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் நடைமுறையில் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

ஃபுட்டேஜிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் ‘வேறு ஒருவருடைய பேட்டி’ பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது. பல கேமராக்கள், குறிப்பாக சோனி வகையில், ஒவ்வொரு கார்டையும் ஃபார்மட் செய்ததும் சி0001 என்று எண்ணை மறுபடி தொடங்குகின்றன. முப்பது கார்டு இருந்தால் முப்பது சி0001. ப்ரீமியரின் ‘லிங்க் மீடியா’ பெட்டி வழக்கமாக ஃபைல் பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் பார்த்தே பொருத்துகிறது. ஃபோல்டர் அமைப்பு இரு பக்கமும் மாறியிருந்தால், எந்த சி0001 முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெட்டியில் ‘மீடியா ஸ்டார்ட்’ என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். அப்போது டைம்கோடும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா பதிக்கும் நேர எண்) ஒத்துப்போனால்தான் லிங்க் ஆகும். ஆனால் கார்டு மாற்றும்போதெல்லாம் டைம்கோடும் பூஜ்யத்துக்குத் திரும்பும்படி கேமரா வைக்கப்பட்டிருந்தால் இதுவும் காப்பாற்றாது. அப்படியானால் ‘ரீலிங்க் அதர்ஸ் ஆட்டோமேட்டிக்கலி’யை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கார்டாகக் கையால் லிங்க் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு முறை, ஒருவர் கணினியில் செய்தால் போதும்.

கட் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதால் கிளிப் பெயர்களை இப்போது மாற்றாதீர்கள். சோனி கார்டில் ஒவ்வொரு கிளிப்புக்கும் துணையாக ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும்; பெயர் மாறினால் அந்தத் துணையும் அறுந்துவிடும். கார்டின் உள்ளமைப்பை அப்படியே விட்டுவிட்டு, வெளி ஃபோல்டருக்கு மட்டும் தனிப்பெயர் கொடுங்கள்: எட்டு இலக்கத் தேதி, கேமரா எழுத்து, கார்டு எண். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டர்கள் தாமாகவே படப்பிடிப்பு வரிசையில் நிற்கும்.

பெயர்களில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவை மட்டும் இருக்கட்டும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள்குறி போன்றவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. மேக் பெரும்பாலானவற்றை ஏற்கும். தமிழில் ஃபைல் பெயர் வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒ, ஓ, ஔ உயிர்மெய்களின் குறிகளை (ொ, ோ, ௌ) யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு துண்டுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் டிஸ்க் ஃபார்மட்டான எச்எஃப்எஸ் ப்ளஸ் அதைத் துண்டாக்கி வைக்கும்; விண்டோஸ் வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும். ஆக, கண்ணுக்கு ஒரே பெயர், மென்பொருளுக்கு வேறு பெயர். ஃபைல் கண் முன்னே இருக்கும்போதே ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் இதையும் சந்தேகப்படுங்கள். ப்ராஜெக்ட்டுக்குள் ‘பின்’ (கிளிப்களை அடுக்கும் ஃபோல்டர்) பெயரோ சீக்வென்ஸ் பெயரோ தமிழில் இருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. டிஸ்க்கில் இருக்கும் பெயர்கள்தான் தொல்லை.

இனி டிஸ்க். அசல் ஃபுட்டேஜுக்கு ஆளுக்கொரு 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க். ஒரு பக்கம் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து முடித்த பிறகு அங்கிருந்து முழு நகல் எடுத்து மற்றவருக்கு அனுப்புங்கள். இப்போது இருவரிடமும் இருக்கும் தனித்தனி நகல்களை ‘ஒன்றாகத்தான் இருக்கும்’ என்று நம்ப வேண்டாம். ஒரு ஃபோல்டர் இடம் மாறியிருந்தாலும் மேலே சொன்ன கூத்து திரும்ப வரும். 6 டெராபைட்டை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்கப் பதினோரு மணி நேரம் ஆகும். இதையே 100 மெகாபிட் அப்லோட் வேகத்தில் இணையம் வழியாக அனுப்பினால் ஐந்தரை நாள், அதுவும் நடுவில் அறுபடாமல் இருந்தால். டிஸ்க்கைக் கூரியரில் அனுப்புவதே மேல். நகலெடுக்கும்போது எம்டி5 அல்லது எக்ஸ்எக்ஸ்ஹாஷ் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) சரிபார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இழுத்துப் போட்டு நகலெடுத்தால் ஃபைல் வந்து சேர்ந்ததா என்பது மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பது சிதையாமல் வந்ததா என்பது தெரியாது.

உங்கள் டிஸ்க் என்டிஎஃப்எஸ், அவருடையது மேக் ஃபார்மட். இப்படி அவரவர் கணினிக்கு இயல்பானதிலேயே இருக்கட்டும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக்கால் படிக்க முடியும், எழுத முடியாது. இரண்டிலும் எழுதக்கூடியது எக்ஸ்ஃபேட். ஆனால் அதில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால் ஃபைல் பட்டியலே சிதையலாம். எக்ஸ்ஃபேட்டைக் கூரியரில் போய்வரும் டிஸ்க்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அன்றாட எடிட்டுக்கு வேண்டாம்.

இரு டிஸ்க்குக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர் வையுங்கள். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் ஆங்கில அகரவரிசையின் கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை டிரைவ் எழுத்தாக அதற்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் வேறொரு பென் டிரைவ் அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கு ‘மீடியா ஆஃப்லைன்’ வரும். மேக்கில் டிஸ்க்கைச் சரியாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால், அடுத்த முறை அதன் பாதை பெயருக்குப் பின்னால் 1 என்ற எண்ணோடு வரக்கூடும். டெஸ்க்டாப்பில் பழைய பெயரே தெரிவதால் இதைக் கண்டுபிடிக்கச் சிரமம். எஜெக்ட் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து மீண்டும் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ப்ராக்ஸி (அசலுக்குப் பதிலாக எடிட்டில் ஓட்டும் சிறிய நகல்) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிகாபைட். 6 டெராபைட் என்பது சுமார் 133 மணி நேரம். 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி 25 ஃப்ரேமுக்கு 38 மெகாபிட், மணிக்கு 17 ஜிகாபைட், ஆக மொத்தம் 2.3 டெராபைட். 720 அளவு போதுமென்றால் 16 மெகாபிட். மொத்தம் 1 டெராபைட்டுக்குள் அடங்கும், 2 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்றில் தாராளமாக நிற்கும். பேட்டிகள் நிறைந்த ஆவணப்படத்துக்கு 720 போதும் என்பது என் கருத்து. ஃபோகஸ் சந்தேகம் வரும் ஷாட்டுக்கு மட்டும் ப்ராக்ஸி பட்டனை அணைத்து அசலைப் பார்த்துக்கொள்ளலாம்.

ப்ராக்ஸியை ஒருவர்தான் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் எஸ்எஸ்டியில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர். எல்லா ப்ராக்ஸியையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் முப்பது சி0001 மறுபடி மோதிக்கொள்ளும். ப்ராக்ஸியின் ஃப்ரேம் ரேட், நீளம், டைம்கோடு, ஆடியோ சேனல் எண்ணிக்கை நான்கும் அசலோடு ஒத்திருக்க வேண்டும். சேனல் எண்ணிக்கையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: அசலில் நான்கு சேனல், ப்ராக்ஸியில் ஸ்டீரியோ என்றால் ப்ரீமியர் அதை அட்டாச் செய்ய மறுக்கும். ஃபோனில் எடுத்த வீடியோக்கள் பெரும்பாலும் ஃப்ரேம் ரேட் நிலையில்லாமல் இருக்கும். நீளமான கிளிப்பில் உதடும் ஒலியும் விலகும். அவற்றை எடிட்டுக்குள் கொண்டுவரும் முன்பே நிலையான 25 ஃப்ரேமுக்கு, 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியோடு மாற்றி, அதையே அசலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தனி ரெக்கார்டர் ஒலியை சிங்க் செய்வது, மல்டிகேமரா சீக்வென்ஸ் கட்டுவது, பேட்டிகளுக்குப் பெயர் போடுவது எல்லாம் நகல் எடுப்பதற்கு முன், ஒருவர் கையால் முடிந்திருக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் சிங்க் செய்தால் ஆங்கிள் வரிசை மாறும், டைம்கோடு மாறும். அவர் கட் உங்கள் பக்கம் வரும்போது ஒரே பேட்டி இரண்டு வடிவில் கிடக்கும்.

இப்போது ப்ராஜெக்ட்டை உடைப்பதற்கு வருவோம். ப்ரீமியரில் இதற்கென்றே 2020 முதல் ‘ப்ரொடக்ஷன்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. ப்ரொடக்ஷன் என்பது டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பல ப்ராஜெக்ட் ஃபைல்கள். இதன் பெரிய பலன் என்னவென்றால், ஒரு ப்ராஜெக்ட்டில் உள்ள கிளிப்பை இன்னொரு ப்ராஜெக்ட்டின் டைம்லைனில் போட்டால் கிளிப் நகலாகாது. பழைய ப்ராஜெக்ட்டையே அது சுட்டிக்கொண்டிருக்கும். சாதாரண ப்ராஜெக்ட்டில் ஒருவர் டைம்லைனை மற்றவர் இம்போர்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் கிளிப்கள் இரட்டிப்பாகின்றன. ஏற்கெனவே இரட்டிப்பாகி இருந்தால் எடிட் மெனுவில் ‘கன்சாலிடேட் டூப்ளிகேட்ஸ்’ கொடுத்துச் சுத்தம் செய்துவிட்டு மேலே போங்கள்.

பாதி வழியில் இருக்கும் உங்களுக்குப் பாதுகாப்பான முறை இது. இப்போதுள்ள ப்ராஜெக்ட்டின் நகல் ஒன்றை எடுத்து, புதிய ப்ரொடக்ஷன் உருவாக்கி, அந்த நகலை அதில் சேருங்கள். அதற்கு ‘ஃபுட்டேஜ்’ என்ற பொருளில் ஒரு பெயர் கொடுங்கள். பெயர் மாற்றுவதை ப்ரொடக்ஷன் பேனலுக்குள்ளேயே செய்யுங்கள். வெளியே ஃபோல்டரில் போய் மாற்றினால் ப்ராஜெக்ட்களுக்கு இடையிலான தொடர்பு அறும். அதன் பிறகு அந்த ஃபுட்டேஜ் ப்ராஜெக்ட்டில் யாரும் கட் செய்யக் கூடாது. படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிறு ப்ராஜெக்ட் உருவாக்கி, உரிய சீக்வென்ஸை அதற்குள் கொண்டுபோங்கள். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு ஐந்து அல்லது ஆறு பகுதி, ஒவ்வொன்றும் பதினைந்து முதல் இருபது நிமிடம். எங்கே உடைப்பது என்பதை நிமிடக் கணக்கில் பார்க்காமல் ஒரு விஷயம் முடிந்து மூச்சு விடும் இடமாகப் பாருங்கள். ஒரே இசை இரண்டு பகுதிகளைக் கடந்து ஓடும் இடத்தில் உடைக்கவே கூடாது. பழைய வெர்ஷன்களுக்குத் தனியே ஒரு ப்ராஜெக்ட் வைத்து அங்கே தள்ளுங்கள். ப்ராஜெக்ட் ஃபைல் வீங்குவதற்குப் பழைய சீக்வென்ஸ்கள் மட்டும் காரணமில்லை. ஷாட்டின் ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசரின் கணக்கீடுகளும் மாஸ்க் டிராக்கிங்கும் அதற்குள்தான் சேமிக்கப்படுகின்றன. ஸ்டெபிலைஸ் செய்வதைக் கட் பூட்டிய (இனி மாற்றமில்லை என்று முடித்த) பிறகு வைத்துக்கொண்டால் ஃபைல் ஒல்லியாகவே இருக்கும், சீக்கிரம் திறக்கும், அனுப்பவும் எளிது.

ஒரே ஸ்டோரேஜில் இருவரும் இணைந்திருந்தால் ப்ரீமியரே பூட்டுப் போட்டுக்கொள்ளும்: ஒருவர் திறந்திருக்கும் ப்ராஜெக்ட் மற்றவருக்குச் சிவப்புப் பூட்டோடு, படிக்க மட்டும் திறக்கும். நீங்கள் வேறு ஊர்களில் இருப்பதால் அந்தப் பூட்டு உங்களுக்கு வேலை செய்யாது. அதை வாய்ச்சொல்லால் ஈடுகட்ட வேண்டும். ஒரு பகிர்ந்த ஷீட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே இப்போது யார் கையில் இருக்கிறது, வெர்ஷன் எண் என்ன என்ற இரண்டு கட்டங்கள் போதும். கையில் இல்லாத பகுதியைத் திறந்து பார்க்கலாம், சேவ் செய்யக் கூடாது.

ப்ரொடக்ஷன் ஃபோல்டர் இருவருடைய எஸ்எஸ்டியிலும் தனித்தனியாக இருக்கட்டும். கிளவுட் ஃபோல்டர் வெறும் தபால்பெட்டி. அதற்குள் இருக்கும் எதையும் நேரடியாகத் திறந்து வேலை செய்ய வேண்டாம். ஒரு பகுதியை ஒப்படைக்கும்போது சேவ் செய்து, ப்ராஜெக்ட்டை மூடி, ஃபைலை ஜிப் செய்து, தேதியும் வெர்ஷன் எண்ணும் கொண்ட பெயரில் கிளவுடில் போட்டுவிட்டு ஷீட்டில் கை மாற்றுங்கள். பெறுபவர் முழுவதும் இறங்கியதா என்று பார்த்துவிட்டு, ப்ரீமியரில் ப்ரொடக்ஷனை மூடி, தன்னுடைய பழைய ஃபைலை ஆர்க்கைவ் ஃபோல்டருக்கு நகர்த்தி, புதியதை அதே பெயரில் அதே இடத்தில் வைத்துத் திறக்க வேண்டும். ஜிப்புக்குள் இருக்கும் ஃபைலின் பெயர் மாறக் கூடாது; வெர்ஷன் எண் ஜிப்பின் பெயரில் மட்டும்.

புதிய பொருள் எதுவும், அது ஒரே ஒரு பாட்டாக இருந்தாலும், ஃபுட்டேஜ் ப்ராஜெக்ட்டுக்குள் ஒருவர் மூலமாகத்தான் வர வேண்டும். இருவரும் தனித்தனியே அதே பாட்டை இம்போர்ட் செய்தால் ப்ரீமியரின் கணக்கில் அவை வெவ்வேறு கிளிப். அவர் டைம்லைனில் உள்ளது உங்கள் ஃபுட்டேஜ் ப்ராஜெக்ட்டில் தேடினால் கிடைக்காது. இந்தப் பொறுப்பை நீங்களோ அவரோ ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவர் கேட்டால், புதிய ஃபைலை இருவர் டிஸ்க்கிலும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஃபுட்டேஜ் ப்ராஜெக்ட்டின் புதிய வெர்ஷனையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த காம்ப்களை டைனமிக் லிங்க்காக (ரெண்டர் செய்யாத நேரடி இணைப்பாக) அனுப்ப வேண்டாம். ஆல்ஃபா (பின்னணி தெரியும் ஒளிபுகு தன்மை) வேண்டுமென்றால் ப்ரோரெஸ் 4444 ஆக ரெண்டர் செய்து ஒரு கிளிப்பாகக் கொடுங்கள்.

விண்டோஸும் மேக்கும் கலந்திருப்பதுதான் உங்கள் ஏற்பாட்டில் பலவீனமான கண்ணி. பாதை எழுதும் முறையே இரண்டிலும் வேறு. எனவே மேலே சொன்னதை முழுப் படத்தில் செய்யும் முன் பத்து கிளிப், இரண்டு சிறு ப்ராஜெக்ட் கொண்ட ஒரு மாதிரி ப்ரொடக்ஷனை உருவாக்கி, உங்களிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு என்று இரண்டு சுற்று அனுப்பிப் பாருங்கள். லிங்க் கேட்டால் எத்தனை கிளிப்புக்குக் கேட்கிறது, ஒன்றைக் காட்டினால் மீதி தாமாக வருகின்றனவா, ப்ராக்ஸி ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றிலும் சலிப்பு தரும் அளவுக்கு லிங்க் கேட்டால், இந்தப் படம் முடியும் வரை ஒருவர் மற்றவருடைய இயங்குதளத்துக்கு மாற வாய்ப்பிருக்கிறதா என்று யோசிப்பது நல்லது. நான் அதையே முதலில் பார்ப்பேன்.

இரு கணினியிலும் ப்ரீமியரின் வெர்ஷன் எண் புள்ளிக்குப் பின்னால் உள்ளது உட்பட ஒன்றாக இருக்கட்டும். கிரியேட்டிவ் கிளவுடில் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். புதிய பெரிய வெர்ஷனில் ஒரு முறை சேவ் செய்த ப்ராஜெக்ட் பழையதில் திறக்காது. ப்ளக்-இன், லட் (நிறத்தை மாற்றும் அட்டவணை ஃபைல்), ஃபான்ட் மூன்றையும் பட்டியலிட்டு, ஒரு பக்கம் இல்லாததை நிறுவுங்கள், அல்லது இருவரும் விட்டுவிடுங்கள். தமிழ் டைட்டில் போடுவோர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று: ப்ரிஃபரன்ஸஸில் கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக இருவரும் முன்கூட்டியே மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தைச் சுற்றி இடம் மாறி நிற்கும். யூனிகோடு ஃபான்ட் மட்டும் பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய குறியீட்டு ஃபான்ட்டில் ஒருவர் டைட்டில் அடித்து, மற்றவரிடம் அந்த ஃபான்ட் இல்லையென்றால் திரையில் வருவது ஆங்கில எழுத்துக் குப்பை. அந்த ஃபான்ட் இல்லாமல் திருத்துவதும் கடினம்.

மீடியா கேஷை (ப்ரீமியர் தன் வசதிக்கு உருவாக்கும் தற்காலிக ஃபைல்களை) மட்டும் பகிரவே வேண்டாம். அது அவரவர் கணினியின் உள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். அழிந்தாலும் மறுபடி உருவாகும். ஆட்டோ-சேவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஐம்பது வெர்ஷன் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பகுதிகளையும் கோத்து முழுப் படமாகப் பார்ப்பதை வாரம் ஒரு முறையாவது செய்யுங்கள். அதற்குத் தனி ப்ராஜெக்ட், தனிச் சீக்வென்ஸ், கோப்பவர் ஒருவரே. இது சண்டையில்லாமல் நடக்க, பகுதிகள் எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும்: 25 ஃப்ரேம், ஒரே அளவு, ஒரே ஆடியோ ட்ராக் வரிசை. பேட்டிக் குரல் ஏ1, ஏ2. சூழல் ஒலி ஏ3, ஏ4. இசை ஏ5, ஏ6 என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டைம்லைனில் உள்ள ‘நெஸ்ட்’ (சீக்வென்ஸை ஒரே கிளிப்பாக வைக்கும்) பட்டனை அணைத்துவிட்டு ஒரு பகுதிச் சீக்வென்ஸை இழுத்துப் போட்டால் தனித்தனிக் கிளிப்களாக வரும். அப்போது ட்ராக்குக்குப் போட்ட ஆடியோ எஃபெக்ட்கள் கூட வராது, கிளிப்புக்குப் போட்டவை மட்டுமே வரும். ரஃப் கட் நிலையில் நெஸ்ட்டாகவே வைத்துப் பாருங்கள், பூட்டிய பிறகு கிளிப்களாக விரியுங்கள்.

கோத்ததும் டைம்லைனின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘ஷோ டூப்ளிகேட் ஃப்ரேம் மார்க்கர்ஸ்’ஸைப் போடுங்கள். இரண்டு எடிட்டர் வேலை செய்யும் ஆவணப்படத்தில் அழகான ஒரே சூரிய அஸ்தமன ஷாட்டை இருவரும் எடுத்துப் போட்டிருப்பது மிகச் சாதாரணம். விரிந்த டைம்லைனில் ஒரே ஃப்ரேம்கள் இரண்டு இடத்தில் வந்தால் வண்ணக் கோடு காட்டிக்கொடுக்கும்.

கட் பூட்டிய பகுதியைக் கைமாற்றும்போது, டைம்கோடு பதித்த ஒரு சிறிய ரெஃபரன்ஸ் வீடியோவும், அதே ஃப்ரேமளவில் எழுத்து ஏதும் பதிக்காத இன்னொன்றும் எக்ஸ்போர்ட் செய்து கூட அனுப்புங்கள். பெறுபவர் எழுத்தில்லாததைத் தன் டைம்லைனின் உச்சி ட்ராக்கில் வைத்து, பிளெண்ட் மோடை ‘டிஃபரன்ஸ்’ ஆக்கி ஓட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் திரை ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். எங்காவது உருவம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே தவறான கிளிப், விடுபட்ட எஃபெக்ட், அல்லது ஒரு ஃப்ரேம் நகர்வு. இருபது நிமிடப் பகுதியை வேகமாக ஓட்டினாலே தெரிந்துவிடும். உங்களுக்கு வந்த ‘வேறு ஒருவருடைய பேட்டி’ இந்தச் சோதனையில் தப்பவே முடியாது.

டாவின்சிக்கு மாறுவதைப் பற்றி: இந்தப் படத்துக்கு வேண்டாம். ரிசால்வில் ப்ராஜெக்ட்கள் ஃபைலாக இல்லாமல் டேட்டாபேஸில் இருக்கின்றன. ப்ராஜெக்ட் சர்வர் வழியாகவோ பிளாக்மேஜிக் கிளவுட் வழியாகவோ இருவர் ஒரே ப்ராஜெக்ட்டுக்குள் இருக்கலாம், பின்னுக்கும் டைம்லைனுக்கும் அதுவே பூட்டுப் போடும். இரு ஊர் வேலைக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் பாதி வெட்டிய படத்தை எக்ஸ்எம்எல் வழியாக அங்கே கொண்டுபோனால் கட் வந்துவிடும். டைட்டில், எஃபெக்ட், ஸ்பீட் ராம்ப் போன்றவை சிதையும், ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அடுத்த படத்தை முதல் நாளிலிருந்தே அங்கே தொடங்கிப் பாருங்கள். ஆவிட் மீடியா கம்போசரில் பின் அளவிலேயே பூட்டு இருக்கிறது; பல எடிட்டர்கள் சேர்ந்து செய்யும் பெரிய படங்களில் அது நீண்ட காலமாக நிலைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபைனல் கட் ப்ரோவில் ஒரு லைப்ரரியை இருவர் ஒரே நேரத்தில் திறக்க முடியாது.

நெட்வொர்க் ஸ்டோரேஜ் இருவரும் ஒரே அறையில் இருந்தால்தான் பொருள் உள்ளது. அப்போதும் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். 1 ஜிகாபிட் லேனில் நடைமுறையில் வினாடிக்கு 110 மெகாபைட் கிடைக்கும். 38 மெகாபிட் ப்ராக்ஸியில் இருவரும் நான்கு கேமரா மல்டிகேம் ஓட்டினாலும் மொத்தம் 304 மெகாபிட்தான், அதாவது 38 மெகாபைட். அதற்கு இந்த லேனே போதும். 4கே ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்றால் ஒரே ஓட்டத்துக்கு 737 மெகாபிட்; இருவர் ஓட்டினால் தாங்காது, 10 ஜிகாபிட் வேண்டும். ஒற்றை ஹார்ட் டிஸ்க்கை நெட்வொர்க்கில் பகிர்வதும் உதவாது. இருவர் இரண்டு இடத்தில் படிக்கும்போது அதன் தலை அங்குமிங்கும் ஓடியே வேகம் விழுந்துவிடும். உங்கள் நிலைமையில் அந்தப் பணத்துக்கு மூன்றாவதாக ஒரு 8 டெராபைட் டிஸ்க் வாங்கி, அசல் ஃபுட்டேஜை நகலெடுத்து, செக்சம் சரிபார்த்து, எந்தக் கணினியோடும் இணைக்காமல் மூன்றாவது இடத்தில் வைத்துவிடுங்கள்.